பழைய கட்டா, புதுக் கட்டா: நொய்யல் கரையில் ஒரு தொட்டிக்கட்டு வீட்டின் ஆய்வு

சென்னிமலைக்குத் தெற்கே, நொய்யலாற்றின் வடகரைப் பக்கம் இருக்கிறது இந்த வீடு. முன்பக்கம் தொட்டிக்கட்டு: மண் சுவர், ஓட்டுக் கூரை, நடுவில் திறந்த வாசல், சுற்றிலும் தாவாரம் (தாழ்வாரம்). பின்பக்கம் 1996-ல் ஒட்டிக் கட்டிய கான்கிரீட் கட்டு: சமையலறை, இரண்டு படுக்கையறை, மேலே தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் தொழில் செய்தவர். தொழிலை மகன் கையில் கொடுத்துவிட்டு ஊரோடு வந்துவிடலாம் என்று முடிவெடுத்திருந்தார். இத்தனை காலமும் அவருடைய ஆத்தா மட்டும்தான் இங்கே குடியிருந்திருக்கிறார்.

கட்டடத்தை ஆய்வு செய்யப் போன என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங் சார், முன்னால இருக்கற மண்ணூட்டை இடிச்சுப்போட்டு, பின்னால இருக்கற டெரஸ் ஊட்டு மேல ஒரு மாடி எடுத்துக்கலாம்னு இருக்கறனுங்க. தளம் தாங்குங்களா?"

மாடி எடுக்க முடியாது. அது மட்டுமல்ல, அந்தத் தளத்துக்கு அடியில் இனி யாரும் படுக்கவே கூடாது. ஆய்வின் முடிவு இதுதான். இடிக்க நினைத்த மண் வீட்டில் சில இடங்களைச் சரிசெய்துவிட்டால் பேரன் பேத்தி காலத்துக்கும் நிற்கும். ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கம் இதே அமைப்பில் வீடுகள் ஏராளம்: முன்னே பழைய கட்டு, பின்னே எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ சேர்த்த கான்கிரீட் கட்டு. காசு வந்ததும் மக்கள் முதலில் கை வைப்பது பழைய கட்டில்தான். எது ஆபத்து என்று பார்க்காமலேயே எது பழசு என்று பார்த்து இடித்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்த ஆய்வைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வயதைக் கண்டுபிடித்தது

பழைய வீட்டுக்குள் போனதும் நான் சுவரைத் தட்டுவதில்லை. எது எப்போது வந்தது, யார் எங்கே கை வைத்தார்கள் என்று கேட்பதுதான் முதல் வேலை. எழுபது எண்பது வருடம் நின்ற சுவர் தன் பாரத்தைச் சுமந்து காட்டிவிட்டது. அதை யாராவது உடைத்திருந்தால், பூசியிருந்தால், அதன் மேல் புதிதாக எதையாவது ஏற்றியிருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

தலைவாசல் நிலவின் (கதவு நிலையின்) மேல் சட்டத்தில் 'பகுதானிய வருஷம் தை மாசம்' என்று செதுக்கியிருந்தது. அறுபதாண்டுச் சுற்றில் பகுதானிய 1938-39-ல் ஒரு முறையும் 1998-99-ல் ஒரு முறையும் வந்தது. இந்தச் சுவரையும் மரத்தையும் பார்த்தால் முந்தையதுதான். ஆக, 1939-ன் தொடக்கம். ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தோம். சில ஓடுகளில் காமன்வெல்த், பெரோக் என்று முத்திரை இருந்தது. மேற்குக் கடற்கரையில் பேசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு நடத்திவந்த ஓட்டு ஆலைகள் முதல் உலகப் போருக்குப் பிறகுதான் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறின. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வந்த ஓடு அது. நிலவும் ஓடும் ஒத்துப்போயின.

அதன் பிறகு நடந்தவை: அறுபதுகளில் கரண்டு, 1978-ல் பாகப்பிரிவினை, அதில் கிழக்குச் சுவர் பங்காளியோடு பொதுச்சுவர் ஆனது, 1996-ல் பின்கட்டு, 2004-ல் ஒரு கல்யாணத்துக்காக ஆசாரத்தை (வீட்டின் கூடத்தை) அகலப்படுத்தி டைல்ஸ் ஒட்டியது, சில வருடம் முன்பு படுக்கையறை ஒன்றில் ஃபால்ஸ் சீலிங். இடையிடையே ஊராட்சி ரோடு மேல் ரோடாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. இதில் பாதி மூலப்பத்திரத்திலும் பாகப்பத்திரத்திலும் மின் இணைப்பு அட்டையிலும் கிடைத்தது. மீதிப் பாதியை ஆத்தா சொன்னார்.

எண்பது வயதைத் தாண்டிய அவருக்கு நினைவு துல்லியம். வெளிவாசலில் நின்ற காரைக் காட்டி, "அங்க நிறுத்தாதீங்கன்னு இவன்கிட்ட எத்தனையோ தடவ சொல்லிட்டனுங் தம்பி. அதுக்கடியில சோளக்குழி இருந்துது. எங்க மாமனார் காலத்துல சோளத்தைக் கொட்டி மண்ணப் போட்டு மூடி வெப்பாங்க. அப்பறம் குப்பையும் சாம்பலும் கொட்டித் தூத்துப்போட்டாங்க" என்றார். கோவைச் சீமையில் நிலத்தடிக் குழியில் சோளம் சேமிப்பது பழைய வழக்கம். மேலே போட்டிருந்த சிமெண்ட் தரையைக் கடப்பாரையின் பின்பக்கத்தால் தட்டினால் ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மாறியது. அங்கே ஒரு துளை போட்டுக் கம்பியை இறக்கினோம். பக்கத்துத் தரையில் அரையடிக்கு மேல் இறங்காத கம்பி, இங்கே ஓர் ஆள் உயரத்துக்குத் தடையில்லாமல் போயிற்று. தூர்த்த குப்பை மக்கி அமர்ந்துவிட்டதால் மேல் தரைக்கும் அதற்கும் நடுவே வெற்றிடம். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கார் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. எந்தக் கருவியும் இந்தக் குழியை எனக்கு முதலில் சொல்லியிருக்காது. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். அதற்குப் பிறகு கருவியை எடுங்கள்.

பின்கட்டின் தளம்

பார்வைக்கு நல்ல வீடு. வெள்ளை அடித்து, டைல்ஸ் பதித்து, ஃபால்ஸ் சீலிங்கில் சின்னச் சின்ன விளக்குகள். எனக்கு உறுத்தியது அந்தச் சீலிங்தான். கிராமத்து வீட்டில், வயதான ஒருவர் மட்டும் படுக்கும் அறையில் அதற்கு என்ன அவசியம்? கேட்டபோது, "மேல பூச்சு அப்பப்ப உதிர்ந்துட்டு இருந்துச்சுங்க. பாக்க நல்லா இல்லைன்னு போட்டோம்" என்றார் வீட்டுக்காரர். ஒரு பலகையைக் கழற்றச் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தால், தளத்தின் அடியில் கம்பி ஓடும் வரிசையில் பழுப்புக் கோடுகள். இரண்டு இடங்களில் கான்கிரீட் பட்டையாகப் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உதிர்ந்த துண்டுகள் சில அந்தச் சீலிங் பலகையின் மேலேயே கிடந்தன. அதற்கு நேர் கீழே ஆத்தாவின் கட்டில்.

அன்று பொழுது சாய்வதற்குள் தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டோம். அது ஆயிரம் லிட்டர் தொட்டி. நிறைந்தால் ஒரு டன். அதைச் சுவருக்கு மேல் வைக்காமல் அறையின் நட்ட நடுவில் செங்கல் மேடை கட்டி வைத்திருந்தார்கள். சென்ட்ரிங் ஆட்களை வரவழைத்து அடியில் இரும்பு ஜாக்கிகளும் பலகையும் கொடுத்து முட்டுக் கொடுத்தோம். ஆத்தாவின் கட்டில் முன்கட்டுக்குப் போனது. ஆய்வு முடிந்து அறிக்கை எழுதிய பிறகு செய்துகொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. தொங்கும் கான்கிரீட்டைப் பார்த்தால் அன்றைக்கே ஆளை நகர்த்த வேண்டும்.

பிறகு நிதானமாகப் பார்த்தோம். சின்னச் சுத்தியலால் தளம் முழுக்கத் தட்டிப்போனால், நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். கம்பிக்கு அடியில் பிரிந்த இடத்தில் பொத்தென்று கேட்கும். கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். முடிவில் மூன்றில் ஒரு பங்கு தளம் வட்டத்துக்குள் இருந்தது. உடைத்துப் பார்த்த இடங்களில் கம்பிக்கு அடியில் இருந்த கான்கிரீட், அதாவது 'கவர்', 10 மி.மீ., 12 மி.மீ. தான். அப்போது நடப்பில் இருந்த 1978-ம் வருட ஐ.எஸ். 456, அதாவது கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியே, தளத்துக்குக் குறைந்தது 15 மி.மீ. கேட்டது. இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் கட்டைகளை வைக்காமல் ஜல்லிக் கல்லை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள்.

கவர் குறைவு என்பதோடு பலர் முடிவு கட்டிவிடுவார்கள். அப்படியானால் துருவுக்குக் காரணம் காற்று. உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, கம்பியைச் சுத்தம் செய்து, பாலிமர் கலவை பூசினால் தீர்ந்தது. ஆனால் வடக்கு அறையில் பார்த்த ஓர் இடம் வேறு கதை சொன்னது.

சிமெண்டில் உள்ள காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைப் போக்கிவிட்டால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க, புதிதாக உடைத்த முகத்தில் பீனாப்தலீன் கரைசலைத் தெளிப்போம். காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும். போன இடம் நிறம் மாறாது. வடக்கு அறையில் உடைத்த இடத்தில் வெளிப்புறம் 8 மி.மீ. வரை நிறம் இல்லை. அதற்கு உள்ளே, கம்பியைச் சுற்றிலும் அழுத்தமான சிவப்பு. அதாவது காரம் அப்படியே இருக்கிறது; விதிப்படி கம்பி பளிச்சென்று இருக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது, கம்பி முழுக்கச் சீராகத் துருவேறவில்லை. அம்மைத் தழும்பு போல அங்கங்கே ஆழமான குழிகள். 8 மி.மீ. கம்பி, குழி விழுந்த இடத்தில் வெர்னியரில் 5 மி.மீ. காட்டியது. பக்கத்திலேயே அரையடி தள்ளி அதே கம்பி முழுசாக இருந்தது.

காரம் இருந்தும் இரும்பைக் குழி குழியாகத் தின்பது உப்பு, குளோரைடு. கடலோரத்தில் பார்க்கும் சேதம் இது. கடலுக்கும் சென்னிமலைக்கும் என்ன சம்பந்தம்? மறுபடியும் ஆத்தாவிடம்தான் போனேன்.

"அந்தக் காலத்துல நல்ல தண்ணி ஏதுங் தம்பி? கெணத்துத் தண்ணி உப்புக் கரிச்சுக் கெடந்துது. தென்னை மரமே கருகிப்போச்சு. அதையேதான் மோட்டார்ல எறச்சுக் கட்டுனாங்க. தளம் போட்டு அதும் மேல பாத்தி கட்டி, பதினஞ்சு நாள் அந்தத் தண்ணியத்தான் நிறுத்துனாங்க."

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் வந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அணை. அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. ஆற்றங்கரை விவசாயம் படுத்தது. கழிவை முறையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. நிலத்துக்கும் மாட்டுக்கும் என்ன ஆனது என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடங்களில் அந்தத் தண்ணீரைக் கலந்து கட்டிய தளங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது 2000-ம் ஆண்டின் ஐ.எஸ். 456. முடிந்த கான்கிரீட்டில், எல்லா வழியிலும் வந்து சேர்ந்தது ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் குளோரைடு இருந்தால் 600 கிராம். வரம்பு அங்கேயே தீர்ந்தது. மணலோடு வந்தது, பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீரில் இறங்கியது எல்லாம் அதற்கு மேல். தளத்தில் டிரில் போட்டு எடுத்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் கன மீட்டருக்கு 1.1 கிலோ வந்தது. தொட்டிக்கு அடியில், கசிவு இருந்த இடத்தில், இன்னும் கூடுதல்.

உப்பு காரணம் என்று தெரிந்ததும் தீர்வு தலைகீழாக மாறிவிடுகிறது. காற்றால் வந்த துருவை ஒட்டுப்போட்டு நிறுத்தலாம். உப்புக் கான்கிரீட்டில் ஒட்டுப்போட்டால், ஒட்டுப்போட்ட இடத்தில் கம்பி பிழைக்கும். அதன் ஓரத்தில், பழைய உப்புக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் பகுதி முன்பைவிட வேகமாக அரிக்கும். சில வருடத்தில் பக்கத்துப் பக்கத்தில் புதிது புதிதாக உதிரும். உப்பைக் கழுவி எடுக்க வழியில்லை. மின்சாரம் செலுத்திக் காக்கும் முறைகள் பெரிய பாலங்களுக்குக் கட்டுப்படியாகும். இரண்டு படுக்கையறைக்கு ஆகாது. தளத்தைப் பிரித்து எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

இதில் என்னை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் ஏற்கெனவே கடனுக்காக ஒரு வங்கியை அணுகியிருந்தார். மதிப்பீட்டாளர் வந்து பார்த்துத் தந்த அறிக்கையில் கான்கிரீட் கட்டுக்கு மட்டும் பல லட்சம் மதிப்பு. தொட்டிக்கட்டுக்கு 'இடிக்கத் தக்கது' என்று பூஜ்யம். சீலிங்கைக் கழற்றியே பார்க்கவில்லை. இப்படிப்பட்ட காகிதம் கையில் இருந்தால் யார்தான் மண் வீட்டை வைத்துக்கொள்வார்கள்?

முன்கட்டு

சுவர் கனம் ஒன்றே முக்கால் அடி. ஜன்னல் கட்டை வரை கருங்கல்லும் மண் சாந்தும். அதற்கு மேல் படை படையாக ஏற்றிய செம்மண். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் காரை. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் தெற்குச் சுவர் பத்தடி உயரத்தில் 15 மி.மீ. வெளியே சாய்ந்திருந்தது. இதைக் காட்டித்தான் ஊரில் சிலர் 'சாயுது' என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். பாரம் இறங்கும் கோடு சுவர்க் கனத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கும்வரை சுவரில் எங்கும் இழுவிசை வராது. இந்தச் சுவருக்கு அந்த எல்லை, நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 90 மி.மீ. 15 மி.மீ. ஒன்றுமே இல்லை. சாய்வு இப்போது கூடுகிறதா என்பதுதான் கேள்வி. விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லுகளை ஒட்டித் தேதி எழுதி வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் தாண்டி ஒன்றைத் தவிர எதுவும் உடையவில்லை.

இந்த இடத்தில் அடி மண் செம்மண்ணும் சுக்கானும் (சுண்ணாம்புக் கல்). அதனால் ஒரு மழைக்காலம் போதுமானதாக இருந்தது. பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் கரிசல் மண்ணில் நிற்கும் வீடென்றால் கோடையிலும் மழையிலும் இரண்டு முறை அளக்காமல் எதுவும் சொல்லாதீர்கள். கோடையில் விரல் போகும் விரிசல் மார்கழியில் மூடிக்கொள்ளும். கீழ்பவானிப் பாசனப் பகுதியிலும் அப்படித்தான்: வழக்கமாக ஆகஸ்ட் 15-ல் வாய்க்காலில் தண்ணீர் திறந்த பிறகு கசிவுநீரால் கிணறுகள் ஏறும், சித்திரையில் காய்ந்த சுவரைப் பார்த்துவிட்டு ஈரமே இல்லை என்று வாங்கியவர்கள் உண்டு.

இந்த மண் சுவரின் உண்மையான எதிரி ஈரம். ஈரத்தை உள்ளே அடைத்தது 2004-ன் வேலை. ஆசாரத்துச் சுவர்களில் நாலடி உயரம் சுண்ணாம்பைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் முன்பு காரை வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. சிமெண்டும் டைல்ஸும் அந்த வழியை அடைத்ததும், அது மேலே ஏறி டைல்ஸுக்கு மேல் உப்புப் பூத்து உதிர்ந்தது. அதற்கு 'டேம்ப் ப்ரூஃப்' பெயிண்ட் அடித்தார்கள். இன்னும் மேலே ஏறியது. ஒரு டைல்ஸைப் பெயர்த்து ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். பிடி வரை போயிற்று. உள்ளே மண் பிசைந்த மாதிரி ஈரம். அதே சுவரில் ஆறடி உயரத்தில் கீறல்கூட விழவில்லை.

ஈரம் வந்த வழியும் தெரிந்தது. இந்தத் திண்ணைக்கு ரோட்டிலிருந்து மூன்று படி ஏற வேண்டும் என்று ஆத்தா சொன்னார். இப்போது தெரிவது ஒரு படி. மற்ற இரண்டும் ரோட்டுக்குள். பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, மழைத் தண்ணீர் கடைக்காலுக்கே வந்து நிற்கிறது. கொங்கு நாட்டுக் கிராமத் தெருக்களில் எத்தனையோ நல்ல வீடுகளை இந்த ஒரு வழக்கம் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது ஆசாரத்துக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே இருந்த சுவர். கல்யாணப் பந்திக்கு இடம் போதவில்லை என்று ஒன்பதடி அகலத்துக்கு அதை உடைத்து, மேலே ஓர் இரும்பு கர்டர் போட்டிருந்தார்கள். அட்டாரியில் (கூரைக்கு அடியில் உள்ள பரணில்) ஏறிப் பார்த்தபோதுதான் விட்டத்தைத் தாங்கும் குத்துக்கால் ஒன்று அந்தச் சுவரின் மேல் இறங்குவது தெரிந்தது. கூரையின் பாதிப் பாரம் கர்டரில். கர்டரின் முனை, தாங்குகல் எதுவும் இல்லாமல், மண் சுவரில் நாலங்குலம் மட்டுமே உட்கார்ந்திருந்தது. மேற்கு முனையில், மாமனாரின் படத்துக்குப் பின்னால், மூலைவாட்டில் ஒரு விரிசல். மேலே 6 மி.மீ. அகலம், கீழே போகப் போகக் குறுகியது. கண்ணாடி உடைந்தது இங்கே மட்டும்தான். படங்களையும் காலண்டரையும் கழற்றாமல் எந்தப் பழைய சுவரையும் பார்த்துவிட்டதாக நினைக்காதீர்கள்; விரிசலை மறைக்கத்தான் பலரும் முதலில் ஆணி அடிக்கிறார்கள்.

கூரையில் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. பட்டப்பகலில் கதவுகளைச் சாத்திவிட்டு உள்ளிருந்து பார்த்தால் ஓட்டில் எங்கே வெளிச்சம் புள்ளியாக வருகிறதோ அங்கே மழையும் வரும். பனங்கைகள் வைரம் பாய்ந்தவை, ஆணி இறங்கவில்லை. தொட்டியின் உள்மூலையில் இரண்டு சாய்வும் கூடும் இடத்தில் தகரம் ஓட்டையாகி, அங்கே முடியும் கைமரங்களில் இரண்டு மட்டும் நுனி உளுத்திருந்தது. தாவாரச் சுவரில் கறையான் மண்கோடு இருந்தது. மண்கோடு இருந்தாலே கறையான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நடுவில் ஒரு விரல் அளவு உடைத்து விட்டுவிட்டு வந்தோம். அடுத்த முறை போனபோது அடைபட்டிருந்தது. ஆக, உயிரோடு இருக்கிறது. மருந்தடிக்கும் வேலை பட்டியலில் சேர்ந்தது.

மற்றவை

ஒயரிங் பழைய மரப்பட்டையில் ஓடியது. மேலுறை கையால் வளைத்தாலே பொடிந்தது. எர்த் இல்லை, போர் மோட்டாரின் எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றி வைத்திருந்தார்கள், அதுவும் பிற்பாடு பிளாஸ்டிக் குழாயாக மாறிவிட்ட ஒரு குழாயில். வீடு முழுக்க ஒயரை மாற்றி, புதிதாக எர்த் குழி போட்டு, 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பான் வைக்கச் சொன்னேன். ஈரச் சுவருள்ள வீட்டில் இதைத் தளத்துக்கு அடுத்த அவசரமாக வைத்தேன்.

கட்டுத்தரைக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சீட். முழுசாக இருக்கும்வரை விட்டுவிடலாம். சோலார் பேனல் வைக்க அதில் துளை போட நினைத்திருந்தார்கள், அதைத் தடுத்தேன். அறுத்தாலோ துளையிட்டாலோ பறக்கும் தூசு நுரையீரலில் தங்கிவிடும். எடுக்க வேண்டி வந்தால் நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும்.

நிலநடுக்கம் என்றால் இந்தப் பக்கம் யாரும் காதில் வாங்குவதில்லை. 1900 பிப்ரவரி 8-ல் கோவையை மையமாக வைத்து 6 ரிக்டர் அளவில் ஒன்று வந்திருக்கிறது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1893, 2002-ம் ஆண்டுப் பதிப்பில் கோவையை மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மண் சுவர் வீட்டில் பலவீனம் மூலைகள். அதிர்ச்சியில் சுவர்கள் மூலையில் பிரிந்து வெளிப்பக்கம் விழும். இங்கே சுவர் தலையில் கூரைப் பாரத்தை ஏந்தும் மரச்சட்டம் நாலு பக்கமும் ஏற்கெனவே ஓடியது. மூலைகளில் மட்டும் அவை ஒன்றோடொன்று பிணைக்கப்படவில்லை. இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு நாலு மூலையையும் கட்டிவிட்டால் கூரை மட்டத்தில் ஒரு வளையம் கிடைத்துவிடும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை இந்த வீட்டில் வேறு இல்லை.

வேலை நடந்த விதம்

முதலில் கர்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்து, இரண்டு முனையிலும் கடைக்காலிலிருந்தே சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் தூண் எழுப்பி, தலையில் கருங்கல் பலகை வைத்து கர்டரை அதன் மேல் உட்கார வைத்தோம். பிறகு ஆசாரத்து டைல்ஸும் சிமெண்டும் முழுக்க உரிக்கப்பட்டன. உடனே பூசிவிடக் கொத்தனார் அவசரப்பட்டார். பங்குனி, சித்திரை வெயில் முழுவதையும் சுவருக்குக் கொடுத்துக் காய விட்டோம். சுண்ணாம்பை நீற்றி, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்துப் பூசியவர் வெள்ளகோவில் பக்கத்து முதியவர். அவரோடு வேலை செய்த இளவட்டங்கள் இரண்டு பேருக்கு இப்போது அந்தக் கைவேலை தெரியும். தெருப்பக்கம் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில் ஜல்லி நிரப்பிய வாய்க்கால் வெட்டி, மழைத் தண்ணீரைப் பொடக்காளிக்கு (கொல்லைப்புறத்துக்கு) திருப்பினோம். சோளக்குழியைத் திறந்து, மக்கியதை அள்ளி, கிராவல் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து மூடினோம்.

பின்கட்டின் தளம் மேலிருந்து சின்னச் சின்னப் பாளமாக அறுத்து இறக்கப்பட்டது. இறக்கிய பாளங்களில் கம்பி அறுந்தே இருந்த இடங்களை வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவர்கள் சிமெண்ட் கட்டு. அவற்றில் கம்பி இல்லாததால் உப்பு பெரிய கேடு செய்யவில்லை. கதவு, ஜன்னலுக்கு மேல் கம்பி போட்டு வார்த்த லிண்டல்களை மட்டும் மாற்றி, மாடி எண்ணத்தை விட்டுவிட்டு, மேலே ஓட்டுக் கூரையே போட்டார்கள். இந்த முறை கலவைத் தண்ணீர் லாரியில் வந்தது. சோதனைச் சீட்டைப் பார்த்த பிறகே இறக்கினோம்.

மீதம் இருப்பது கிழக்குப் பொதுச்சுவர். நம் பக்கம் சிமெண்டை உரித்தாயிற்று. பங்காளி வீட்டுப் பக்கம் அதே சுவரில் ஐந்தடி உயரம் சிமெண்டும் கிரானைட்டும் இருக்கிறது. ஒரு பக்கம் அடைபட்டிருக்கும்வரை அந்தச் சுவர் முழுதாகக் காயாது. ஆத்தா நேரில் போய்ப் பேசியதில், கிரானைட்டை எடுக்க அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் சீர் முடிந்ததும் வேலை தொடங்கும்.